துருவத்தில் ஒரு புள்ளி

மார்ச் 14, வியாழன்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். நான் உதவியாளனாக இருக்கும் விசாரணை அதிகாரி மேடம் புதன்கிழமைப் படத்தைக் கேட்டார். நான் போன வெள்ளிக்கிழமைப் படத்தைத் திரையில் போட்டுவிட்டேன். மாலை வகுப்பில் வானியல் படிப்பதாகப் பெருமையடித்துக்கொண்டவனும் நான்தான்.

சூரியனைப் படமெடுக்கும் விண்வெளித் தொலைநோக்கியின் கேமரா கருகியிருக்கிறது. படத்தின் இடது விளிம்பில், நடுக்கோட்டை ஒட்டி, ஒரு கறுப்புப் புள்ளி. சூரியன் சுழல்வதால் உண்மையான சூரியப் புள்ளி நாளுக்கு நாள் நகரும், இது நகரவில்லை. செவ்வாயன்று அது முதலில் கண்ணில் பட்டபோது பணியில் இருந்தவர் கட்டுப்பாட்டு அறை அக்கா. நாளைக்குள் அவர்மேல் தவறில்லை என்று தெரியாவிட்டால் வேலை போய்விடும். காலையில் அழுதுகொண்டே வந்தார். அதே அறையில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி, எல்லோரும் குண்டூசி என்று கூப்பிடும் ஒல்லிப் பையன், தோளைப் பிடித்தபடி கூடவே வந்தான்.

"வெயிலைக் குறைக்கிற வடிகட்டியை நான் தொடவே இல்ல மேடம். அன்னைக்குத் தொலைநோக்கியைக் கால் சுற்று திருப்பினேன். வருஷா வருஷம் பண்ற சோதனை, அவ்வளவுதான்."

"எறும்பை மிதிச்சாக்கூட மன்னிப்புக் கேக்கும் எங்க அக்கா," என்றான் குண்டூசி.

நான் அசடு வழிந்தபடி படத்தை மாற்றப் போனேன்.

"இருப்பா," என்றார் மேடம். "மேலே, துருவத்துக்கிட்ட கறுப்பா என்ன அது?"

"ஏதாவது தூசியா இருக்கும்," என்றார் கட்டுப்பாட்டு அறைத் தலைவர். "சூரியப் புள்ளி அங்க வரவே வராது. அதனால அந்தப் பக்கம் நாங்க பாக்கறதே இல்ல."

"வராத இடத்துல வந்திருக்கே சார்." மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். "இதுல ஒரு கீறல் இருக்கு. நான் தலையைச் சாய்ச்சா கீறலும் சாயும். எதிர்ல இருக்கிற நீங்க சாய மாட்டீங்க. தொலைநோக்கி திரும்பினாலும் உங்க கம்ப்யூட்டர் படத்துல சூரியனோட வடக்கை மேலேயே வெச்சுடுது. சூரியன் அப்படியே இருக்கும், கேமராவோட காயம் மட்டும் கால் சுற்று நகரும். மேலே இருந்தது இடப்பக்கம் வந்துடும். இந்தம்மா எதையும் கருக்கல. ஏற்கெனவே கருகினதை நீங்க பாக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தாங்க."

அக்கா சிரித்துவிட்டார். அழுகையைவிட அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்ப்பதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளினேன். போன வியாழன் மாலைப் படத்தில் புள்ளி இருந்தது. காலைப் படத்தில் இல்லை.

"அன்னைக்கு மத்தியானம் வடிகட்டி மாத்தினோம்," என்றார் தலைவர். "கேமரா மூடியை மூடாம மாத்தியிருந்தா, நடுவுல முழு வெயிலும் உள்ள விழுந்திருக்கும். யாரு டியூட்டி?"

அக்காவின் தோளிலிருந்து குண்டூசியின் கை நழுவியது.

"ஒரே ஒரு செகண்டுதான்க்கா. மூடிட்டேன்னு நெனச்சேன். அப்புறம் யாருமே ஒண்ணும் சொல்லல…"

"தெரிஞ்சுக்கிட்டேதான் காலையில என் கூட வந்தியாடா?"

அக்கா மேடத்திடம் திரும்பினார். "நான்தான்னு எழுதிக்குங்க மேடம். இவன் சேர்ந்தே ஆறு மாசம்தான் ஆகுது."

"படம் அப்படிச் சொல்லலையேம்மா."

"யார் பேரை எழுதினா என்ன," என்றார் தலைவர். "அவ்வளவு உயரத்துக்குப் போய் யாரு சரிபண்ணப் போறா?"

அக்காவும் தம்பியும் தனித்தனியாக வெளியே போனார்கள்.

நாளை: பத்து மணிக்குள் அறிக்கையைத் தட்டச்சு செய்ய வேண்டும். வியாழக்கிழமைப் படங்கள் இரண்டையும் இணைக்க வேண்டும். தம்பியின் பெயரை முதல் பத்தியிலேயே எழுத வேண்டும்.