வால்வு இல்லாத ரேடியோ

ரேடியோவின் நான்கு கண்ணாடி வால்வுகளும் கழற்றப்பட்டு மேசைத் துணியின்மேல் கிடந்தன. பேட்டரி இணைக்கப்படவே இல்லை. ஆனாலும் ஹெட்போனில் மெல்லிய இரைச்சல் கேட்டது.

ஹால்வர்ட் ஹெட்போனைக் கழற்றினார். நிசப்தம். மாட்டினார். இரைச்சல்.

டிசம்பர் மாதம், பிற்பகல் மூன்று மணிக்கே வெளியே மலைகளுக்கிடையே நீண்ட ஃபியோர்டுக் கடலின் நீர் மையாகக் கறுத்திருந்தது. பழைய ரப்பரும் எண்ணெய்ப் பிசுக்கும் மணக்கும் கீழறையில், போர்க்காலத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் முதுகில் சுமந்து திரிந்த அந்த ரேடியோவைக் காலையிலிருந்து அங்குலம் அங்குலமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். தகட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதில் மூன்றெழுத்து ரகசியக் குறி, ஓரத்தில் கழுகு முத்திரை. சந்தேகமே இல்லை, அசல். நாற்பது வருடம் தேடியது.

தன்னைப் போலவே ரேடியோ சேர்க்கும் டோர்லைஃபுக்குப் போன் போட்டார்.

"கரண்டே இல்லடா. ஆனா சத்தம் வருது."

"உன் காதுதான் இரையுது, கிழவா. வெளிய போய்க் கொஞ்சம் காத்து வாங்கு. போர்க்ஹில்ட் போனதுலேருந்து நீ அந்த ரூமை விட்டு வரவே இல்லையே."

"அவ இருந்தப்ப மட்டும் வந்தேனாக்கும்" என்று சிரிக்கப் பார்த்தார். டோர்லைஃப் சிரிக்கவில்லை.

மீண்டும் ஹெட்போனை மாட்டினார். இப்போது இரைச்சலுக்குள் ஏதோ தட்டும் ஓசை. மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. மோர்ஸ் தந்திக்குறி அவருக்கு அத்துப்படி. இது மோர்ஸ் இல்லை. கைத்தடியால் மரத்தரையைத் தட்டும் ஓசை.

போன குளிர்காலம் முழுக்க அவர் மனைவி போர்க்ஹில்ட் இந்த அறைக்கு நேர் மேலே, கால்கள் விளங்காமல் படுத்துக் கிடந்தாள். கூப்பிடத் தடியைக் கொடுத்திருந்தார். "கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ முணுமுணுக்கிறது உனக்குக் கேக்குது. தலைக்கு மேல நான் கத்துறது கேக்கல" என்பாள். ஒரு மாலை அவர் மேலே போனபோது அவள் தரையில் கிடந்தாள். தடி இரண்டாக உடைந்திருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று டாக்டரிடம் சொன்னார்.

ஹெட்போனை வீசிவிட்டு மாடிப்படி ஏறினார். கதவைத் திறந்தார். காலிக் கட்டில். மருந்து வாடை. யாருமில்லை.

மூச்சு வாங்கியது. கட்டிலில் உட்கார்ந்தார்.

எழ முடியவில்லை.

கால்கள் இருந்தன. அசையவில்லை. சரிந்தார். தரை. குளிர். கீழிருந்து சூடு ஏறுவதற்காகத் தரையில் பதித்த இரும்புச் சல்லடை வரை கைகளால் ஊர்ந்தார். அதன் வழியே பார்த்தார்.

கீழே விளக்கு எரிந்தது. நாற்காலியில் ஓர் ஆள். நரைத்த பிடரி. காதில் ஹெட்போன். அவருடைய பழுப்பு ஸ்வெட்டர். விரல்கள் நிதானமாகக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தன.

"ஹால்வர்ட்!" என்று தன் பெயரையே சொல்லிக் கத்தினார். முஷ்டியால் தரையைக் குத்தினார். குத்தினார். குத்தினார்.

கீழே இருந்தவர் நிமிரவில்லை. நல்ல நிலையம் ஒன்று கிடைத்துவிட்டவர் போல, ஹெட்போனை இரு கைகளாலும் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டார்.