கீழ்த்தளத்து லைன்

வெயில் ஏறுவதற்கு முன்பே கர்னல் அந்தச் சுரங்கத்தின் வாசலில் காரை நிறுத்தி இறங்கிவிட்டாள். கர்னல் என்றால் பட்டாளத்துக் கர்னல் இல்லை. கணினிகளுக்குக் கெர்னல், அதாவது எந்திரத்தை எழுப்பி நடத்தும் அடிப்படை நிரல், கட்டித் தருவது அவள் தொழில். அது என்ன வேலை என்று ஒருமுறை கொழுந்தன் கேட்டான். அவள் சொன்ன விளக்கம் அவன் தலைக்கு மேலே போய்விட, "சரி அண்ணி, நீங்க எங்க வீட்டு கர்னல்" என்று முடித்துக்கொண்டான். பெயர் ஒட்டிக்கொண்டது. படை இல்லை, பதக்கம் இல்லை. தோளில் ஒரு மடிக்கணினிப் பை மட்டும்.

நிலக்கரிச் சுரங்கத்தின் பழைய குழியில், பூமிக்கடியில், ஒரு பம்ப் அறை இருந்தது. ஊறிவரும் தண்ணீரை ஓயாமல் இறைக்கும் பம்புகளை ஒரு பழைய கணினி நடத்திவந்தது. சில காலமாக அது சொல்லாமல் கொள்ளாமல் உறைந்துபோனது. அது உறைந்தால் பம்புகள் நிற்கும். பம்புகள் நின்றால், பக்கத்துக் குழியில் வெட்டிக்கொண்டிருக்கும் ஆட்களின் காலடிக்குத் தண்ணீர் வரும். சுரங்க மேலாளர் இதைச் சாதாரணக் குரலில்தான் சொன்னார். ஆனால் சொல்லிமுடிப்பதற்குள் மூன்று தரம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கணினியின் மூளையான செயலிச் சில்லு வழக்கொழிந்த வகை. இன்றைய கெர்னலில் அதற்கான பகுதி, யாரோ தூக்கியெறிய மறந்த சாமான் போல ஒரு மூலையில் கிடக்கிறது. அதைத் தூசி தட்டி எடுத்து, இந்த ஒரே எந்திரத்துக்கென்று அளவெடுத்துத் தைக்க வேண்டும். எந்தச் செயலி, எவ்வளவு நினைவகம், என்னென்ன சாதனங்கள் என்று ஆயிரக்கணக்கான தெரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 'வேண்டும்' அல்லது 'வேண்டாம்' என்று பதில் சொல்ல வேண்டும். முக்கியமான ஒன்று தப்பினாலும் எந்திரம் எழுந்திருக்காது. கர்னலுக்கு அது பிடித்த வேலை. சொன்ன சொல்லைக் கேட்கிற ஒரே இடம் அதுதான் என்று வீட்டில் அடிக்கடி குத்திக்காட்டுவாள்.

இரும்புக் கூண்டில் அவளை ஏற்றினார்கள்; மேலே கயிறு சுற்றும் விஞ்ச் அறையில் உட்கார்ந்திருந்தவர் கயிற்றை விட்டார். கூண்டு இறங்க இறங்க வாசல் வெளிச்சம் ஒரு தட்டளவு சுருங்கி, பிறகு இல்லாமல் போனது. காற்றில் ஈர மண்ணும் துருவும் கலந்த நெடி. சுவர்களில் எங்கோ தண்ணீர் ஒழுகும் ஓசை கூடவே வந்தது.

பம்ப் அறையில் ஒரு அக்கா இருந்தார். நரைக்கத் தொடங்கிய தலையில் ஹெல்மெட், கழுத்தில் துண்டு. வந்தவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்டார். பம்புகளின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திப் பேசிப் பேசி, அவருக்குச் சாதாரணப் பேச்சே சண்டை போலத்தான் வரும்.

"கூண்டுக் குழி இதோட முடியுதாக்கா?" என்று கேட்டாள் கர்னல்.

அக்கா தலையை அசைத்தார். கீழே இன்னொரு தளம் இருக்கிறது, தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது என்றார்.  

கர்னல் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். செயலியின் வகையைத் தேர்ந்தாள். செயலி ஒன்றுதான் என்பதைக் குறித்தாள். பம்புகளை இணைக்கும் மின்னணு அட்டைக்கு 'வேண்டும்', நீர்மட்டக் கருவிக்கு 'வேண்டும்', ஒலிக்கு 'வேண்டாம்'. கணினி இருந்த அலமாரிக்குள் இன்னொரு அட்டையும் செருகியிருந்தது. அதில் வெளியிலிருந்து கேபிள் வந்து சேரும் நான்கு லைன்கள். மூன்று காலி, நான்காவதில் மட்டும் தடித்த கேபிள். அந்தக் கேபிள் சுவரோரமாகக் கூண்டுக் குழி வரை போய், அங்கே வெட்டப்பட்டு, செம்பு நுனிகள் தெரியத் தொங்கியது. எங்கும் போகாத கேபிளுக்கு என்ன தேவை? அந்த அட்டைக்கு 'வேண்டாம்' என்றாள்.

கெர்னல் கட்டி முடிந்தது. பம்புகளைக் கையால் ஓட்டும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு, பழைய கணினியில் அதை ஏற்றித் தொடங்கிவைத்தாள். திரையில் வரிகள் ஓடின. செயலி கிடைத்தது. நினைவகம் கிடைத்தது. பம்புகள் கிடைத்தன.

கடைசியாக ஒரு வரி.

நான்காவது லைன் திறந்தது.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். தெரிவுகளைத் திறந்து பார்த்தால், 'வேண்டாம்' என்று சொன்ன இடத்தில் 'வேண்டும்' என்றிருந்தது. இப்படி நடப்பதுண்டு. ஒரு தெரிவுக்கு இன்னொன்று தேவைப்பட்டால், அது தானாகவே அதை இழுத்துக்கொண்டு வரும். யார் இழுக்கிறார்கள் என்று தேடினாள். அந்த லைன் தேவை என்று எந்தத் தெரிவும் சொல்லவில்லை.

கை தவறியிருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, மறுபடி 'வேண்டாம்' என்று மாற்றிக் கட்டினாள்.

மறுபடி அதே வரி வந்தது.

அக்கா அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "அது கீழ்த்தளத்து லைனும்மா" என்றார். இப்போது அவர் குரலை உயர்த்தவில்லை.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். கீழ்த்தளத்தில் ஆள் இருந்த காலத்தில், அங்கிருந்து அடிக்கும் மணி இந்த லைன் வழியாக இந்தக் கணினிக்கு வந்து, இங்கிருந்து விஞ்ச் அறைக்குப் போகும். ஒரு நாள் சுவர் உடைந்து தண்ணீர் புகுந்தது. மணி விடாமல் அடித்தது. ஆனால் கூண்டை இறக்கினால் மேல்தளத்துக்கும் ஆபத்து என்று அப்போதைய அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். வெகுநேரம் கழித்து மணி நின்றது. உடல்களை எடுக்க முடியவில்லை. தளத்தை அப்படியே விட்டுவிட்டு, கேபிளை வெட்டினார்கள். அதன் பிறகு வந்த பொறியாளர் இந்த லைனை நீக்கிவிட்டுக் கெர்னல் கட்டினார். கணினி உறைய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

"என் தம்பி அங்கதான் இருக்கான்" என்றார் அக்கா. "அதனாலதான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். மேல போனா அவன் தனியா இருப்பான்ல."

  கர்னல் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். 'வேண்டாம்' என்று சொல்வதோடு நிறுத்தாமல், அந்த அட்டையை இயக்கும் நிரல் முழுவதையும் மூலத்திலிருந்தே அழித்தாள். இனி அந்த அட்டை என்றால் என்ன என்றே இந்தக் கெர்னலுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அது எப்படித் திறக்கும்? அட்டையையும் அலமாரியிலிருந்து பிடுங்கி மேசைமேல் வைத்தாள்.

கட்டினாள். ஏற்றினாள்.

செயலி கிடைத்தது. நினைவகம் கிடைத்தது. பம்புகள் கிடைத்தன.

திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அவள் மூச்சை விட்டாள்.

நான்காவது லைன் திறந்தது.

அந்த நொடியில் பம்புகளின் இரைச்சல் அடங்கிவிட்டது போலிருந்தது. அவை ஓடிக்கொண்டுதான் இருந்தன. அழுத்தமானியின் முள் ஆடிக்கொண்டுதான் இருந்தது. காதுக்கு மட்டும் எட்டவில்லை. அந்த அமைதிக்குள், கூண்டுக் குழியின் அடியிலிருந்து, நனைந்த துணியின் வாடை மேலே வந்தது. பல நாள் துவைக்காமல் மூட்டை கட்டி வைத்த துணியின் வாடை.

மணி அடித்தது.

மணியை யாரும் தொடவில்லை. மேசைமேல் கிடந்த அட்டையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு, மணியோடு சேர்ந்து விட்டு விட்டு எரிந்தது.

அக்காவின் முகம் வெளுத்தது. "ஆளை ஏத்தச் சொல்ற மணி" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

கூண்டு அசைந்தது. அவர்கள் மேலே போவதற்கென்று காத்து நின்ற கூண்டு, அவர்கள் கண்முன்னே கீழே இறங்கத் தொடங்கியது. கர்னல் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து, கூண்டை நிறுத்தும்படி விஞ்ச்காரரிடம் கெஞ்சினாள்.

அவர் நிறுத்தவில்லை. "கீழ்த்தளத்துல இருந்து மணி வருதும்மா. போன தடவை அனுப்பாம விட்டாங்க. அன்னிக்கும் இந்த நாற்காலியில நான்தான் இருந்தேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. வெகு ஆழத்தில் கூண்டு தண்ணீரைத் தொடும் ஓசை வந்தது. பிறகு கயிறு நின்றது.



கயிறு மறுபடி ஓடியது, இம்முறை மேலே. முறுக்கிப் பிழிந்தாற்போல அது முனகியது. தொலைபேசியில் விஞ்ச்காரர் மூச்சு வாங்கினார். "எத்தனை பேரும்மா ஏறியிருக்கீங்க? முழு எடை காட்டுது."

கர்னல் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் கூண்டுக் குழி பக்கம் தன் தலைவிளக்கைத் திருப்பினாள்.

கூண்டு அவர்கள் தளத்துக்கு வந்து நின்றது. கம்பிகளிலிருந்து கரிய நீர் கொட்டியது. உள்ளே யாரும் இல்லை. அவளுடைய தலைவிளக்கின் வெளிச்சம் ஒரு தடையும் இல்லாமல் பின்சுவர் வரை போய்த் திரும்பியது.

"தம்பி" என்று அக்கா கூப்பிட்டார்.

கர்னல் அவர் கையைப் பிடிப்பதற்குள் அவர் கம்பிக் கதவைத் தள்ளிவிட்டார். ஒரு காலை உள்ளே வைத்தார். உடம்பைச் சாய்த்தார். அப்படியே நின்றார். நெரிசலான பேருந்தின் படியில் நிற்பவர் போல, தோளை ஒடுக்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, வெற்றிடத்தில் முட்டிக்கொண்டு நின்றார். பிறகு மெல்லப் பின்னால் காலெடுத்து வைத்தார். அவர் சட்டையின் முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது.

"இடமில்லம்மா" என்றார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கூண்டு மேலே போனது.

கூண்டு திரும்பி வருவதற்காக இருவரும் காத்திருந்த நேரம் கர்னலுக்கு ஒரு யுகம். அக்கா அழவில்லை. ஈரமான சட்டையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, கொடியில் காயும் துணியை அணைத்தாற்போல நின்றார். கர்னல் அவரை ஒட்டி நின்றாள். இந்த வயதில் ஒருவர் முழங்கையை இப்படிப் பிடித்துக்கொள்வோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

மேலே வந்தபோது விஞ்ச்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். முன்பு கூண்டு மேலே வந்தபோது, எடை காட்டும் முள் ஒரே வீச்சில் இறங்கவில்லை என்றார். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதாம். ஒவ்வொருத்தராக இறங்கிப் போவது போல. வாசல் சிமெண்டுத் தரையில் கரிய ஈரம் பரவி, வெளி வாயில் பக்கம் நீண்டிருந்தது. மேலாளர் அதைப் பார்த்தார். மழைத் தண்ணீரா என்று கேட்டார்.  மழை பெய்து நாளாகியிருந்தது.

கணினி வேலை செய்கிறதா என்று மேலாளர் கேட்டார். செய்கிறது, இனி உறையாது, தயவுசெய்து அதில் யாரும் கைவைக்காதீர்கள் என்று கர்னல் சொன்னாள். சொன்னபடியே ஆயிற்று. பம்புகள் பிறகு நிற்கவே இல்லை. பக்கத்துக் குழி ஆட்கள் கால் நனையாமல் வேலைக்குப் போய்த் திரும்பினார்கள். நடந்ததை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அந்தத் துணி வாடை மூக்கில் ஏறியது.

சில வாரங்கள் போயின. வீட்டில் ஒரு சின்னத் தொல்லை. மாடியில் அவள் வேலை செய்யும் அறையின் வாசலில் அடிக்கடி தண்ணீர் தேங்கியது. கணவன் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், குழாய்க்காரரைக் கூட்டிவந்தான். அந்தச் சுவரில் குழாயே போகவில்லை என்று அவர் கையை விரித்தார். "உன் அறைக்கு மட்டும் தனியா ஒரு ஊத்து வெச்சிருக்கே" என்று கணவன் கேலி செய்தான். அவளும் சிரித்துவைத்தாள். அவன் பிழிந்த துணியிலிருந்து வடிந்த நீர் கருப்பாக இருந்ததை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்காதவள் போலிருந்தாள்.

ஒரு மத்தியானம், வேறொரு செயலிக்கான தெரிவுகளில் மூழ்கியிருந்தபோது தொலைபேசி அடித்தது. பம்ப் அறை அக்கா. வேலையை விட்டுவிட்டாராம், வீட்டில்தான் இருக்கிறாராம்.

"தம்பி வந்துட்டான்ம்மா" என்றார், ஊரிலிருந்து விருந்தாளி வந்ததைச் சொல்கிற தொனியில். "பேசறதில்ல. மூலையில உக்காந்திருக்கான். மத்தவங்களும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் எல்லா வீட்லயும் விசாரிச்சுட்டேன்."

கர்னலின் கை மவுஸை விட்டு விலகியது.

"ஒருத்தருக்கு மட்டும் போக வீடு இல்ல" என்று அக்கா தொடர்ந்தார். "அவர் வீட்டாளுங்க எப்பவோ ஊரைக் காலி பண்ணிட்டாங்க. பாவம், சுரங்க வாசல்லயே நின்னிருப்பார். அன்னிக்கு நீ காரை எடுக்கறப்ப, பின்கதவு தானா திறந்து மூடுச்சுன்னு காவலாளி இப்பதான் சொல்றார்."

 பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்டுத் தரை காஞ்சிருக்காம்மா?"

கர்னல் வாசலைப் பார்த்தாள். காலையில் கணவன் துடைத்த இடம் அப்படியே காய்ந்து கிடந்தது.

பிறகு கீழே பார்த்தாள்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் இருந்து, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, கரிய நீர் மெல்ல அவள் பாதத்தை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பின்கழுத்தில், குளிர்ந்த ஒரு சொட்டு விழுந்தது.