கையெழுத்து அவருடையதுதான்

தையல்காரி கோர்ட் சம்மனை வக்கீலம்மாவின் மேசைமேல் வைத்தாள். வழக்குப் போட்டிருந்தது அவள் கேள்விப்பட்டே இராத ஒரு வசூல் நிறுவனம். பிப்ரவரியில் இறந்துபோன அவள் கணவர் ஒரு நிதிக் கம்பெனியில் வாங்கியிருந்த பழைய கடனை, அது மார்ச்சில் விலைக்கு வாங்கியிருந்தது. இப்போது வீட்டைக் கேட்டது. மூன்று நாளாக வாசலுக்கு எதிரே ஒரு கறுப்பு வேன் நிற்கிறது, அதிலிருந்து யாரும் இறங்குவதே இல்லை என்றாள். துணைக்கு வந்த கொழுந்தன், அண்ணனின் ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்கெல்லாம் அலைந்தவன், ஜன்னலோரம் நின்று தலையாட்டினான்.

வக்கீலம்மா தாள்களை நிதானமாகப் புரட்டினார். கடைசித் தவணை கட்டி மூன்று வருஷம் தாண்டிவிட்டது, வழக்கே செல்லாது என்று நரைத்த குமாஸ்தா துள்ளினார். கெடு முடியுமுன் கடனாளி எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் செல்லும் என்றார் வக்கீலம்மா. அப்படி ஒரு கடிதம் இணைக்கப்பட்டிருந்தது. தட்டச்சு செய்த நாலு வரி, ஜனவரித் தேதி, கீழே கையெழுத்து.

அந்தச் சுழி அவருடையதுதான். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று தையல்காரி அதை விரலால் தடவினாள்.

"கடிதம் யாருக்கு எழுதியிருக்குன்னு படிங்க," என்றார் வக்கீலம்மா.

அவள் வசூல் நிறுவனத்தின் பெயரைப் படித்தாள்.

"மார்ச்சுலதான் அவங்க கடனை வாங்குறாங்க. ஜனவரிலயே உங்க வீட்டுக்காரர் அவங்களுக்கு எப்படி எழுதினாரு?"

கையெழுத்து நிஜம், கடிதம் பொய் என்று அவர் விளக்கினார். வெற்றுத்தாளில் இருந்த கையெழுத்துக்கு மேலே பின்னால் தட்டச்சு செய்திருக்கிறார்கள். செத்தவர் எழுத முடியாதே என்று தேதியை மட்டும் அவர் உயிரோடிருந்த ஜனவரிக்குப் போட்டிருக்கிறார்கள். அப்படி வெற்றுத்தாளில் அவர் எப்போதாவது கையெழுத்துப் போட்டாரா?

போட்டார், ஆஸ்பத்திரிக் கட்டிலில். காப்பீட்டுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போனது... தையல்காரி மெல்லத் திரும்பினாள்.

கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. தன் கடனும் அதே நிறுவனத்திடம் கைமாறியதையும், அண்ணன் கையெழுத்தோடு தாள் கொடுத்தால் அதை மறந்துவிடுவதாக அவர்கள் சொன்னதையும் முனகலாக ஒப்புக்கொண்டான்.

"உன்னை நம்பித்தானே அவர் பேனாவைப் பிடிச்சாரு," என்றாள் அவள்.

இந்த வழக்கு நிற்காது, இன்றே பதில் எழுதிவிடலாம் என்றார் வக்கீலம்மா. அப்போதுதான் தையல்காரிக்கு மூச்சு வந்தது.

"அண்ணி," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "அண்ணன் போட்டது அஞ்சு தாள்ல. அஞ்சையும் அவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க."