பின்னால் நீட்டிய கை

கை நழுவிய போல்ட் கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

தப்ரேஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இஞ்சினுக்குள் விழுகிற பொருள் சும்மா விழாது. ஏதாவதொரு குழாயில் ஒரு தட்டு, அடித்தகட்டில் ஒரு தட்டு, பிறகு சிமெண்டுத் தரையில் ஒரு துள்ளல் என்று தான் போகிற வழியைச் சொல்லிக்கொண்டேதான் போகும். இந்த போல்ட் எதையும் சொல்லவில்லை. வெளியே மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

தரையில் படுத்து, போன் வெளிச்சத்தை வண்டிக்கு அடியில் அடித்துப் பார்த்தான். பழைய எண்ணெய்க் கறை. ஒரு காய்ந்த இலை. போல்ட் இல்லை.

"சாலா," என்று இந்தியில் திட்டினான், வண்டியைப் பார்த்து.

செம்பூரில் அவன் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளம் முழுக்கத் தூண்களும் வண்டிகளும்தான். ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் வானம் இருட்டிவிட்டிருந்தது. நிரம்பிய சாக்கடையின் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் இஞ்சினின் கரி வாடையும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. தூணுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் ராம்கிஷோர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இவன் படும் பாட்டை சினிமா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாற்ற வேண்டியது ஒரு ஈஜிஆர் வால்வு. உள்ளங்கையில் அடங்கிவிடும். வெளியே போகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இஞ்சினுக்குள்ளேயே அனுப்புவது அதன் வேலை. கரி பிடித்து அது அடைத்துக்கொண்டால் மஞ்சள் விளக்கு எரியும். மேம்பாலம் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடும். மெக்கானிக் புதன்கிழமை வரச் சொன்னான். தப்ரேஸ் புது வால்வைத் தானே வாங்கி வந்துவிட்டான்.

அது இருக்கும் இடம்தான் வினை. இஞ்சினின் முதுகுக்கும் உட்புறத் தகட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. அங்கே கண் போகாது. கை மணிக்கட்டு வரைக்கும் போகும். தோலைக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் போகும். அதை அங்கே கொண்டுபோய் வைத்தவனுக்குக் கை என்று ஒன்று இருந்திருக்காது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி ஆஸியா.

"என்ன செய்யுதீய? டாக்டரம்மா கையெழுத்துப் போட்டாச்சு. உம்மா பையெல்லாம் கட்டி வச்சிட்டாவ."

"இந்தா, முடிஞ்சிட்டு. ஒரு போல்ட்தான்."

"காலைலயும் ஒரு போல்ட்னுதான் சொன்னீய."

பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "டாக்சி பிடிச்சி தாராவிக்கு நம்ம வீட்டுக்கே போயிருவோம்னு சொல்லுளா. மாப்புள அந்த டப்பா வண்டியக் கட்டிக்கிட்டு அழட்டும்."

"மாமிகிட்ட சொல்லு. எம் பிள்ள என் வண்டியிலதான் வரும். என் வீட்டுக்குத்தான் வரும்."

"நான் வேற சொல்லணுமாக்கும். ஸ்பீக்கர்லதான் கெடக்கு."

பல வருடம் காத்திருந்து பிறந்த பெண். அதற்கு முன் வந்தவை தங்கவில்லை. பிறந்த அன்று அவன் குனிந்து அவள் காதில் பாங்கு சொன்னபோது அவள் அவனுடைய சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டாள். சொல்லி முடித்த பிறகும் விடவில்லை. அரிசி மணி அளவு நகங்கள். "பாருங்க, என்ன பிடி பிடிக்கு," என்று ஆஸியா சிரித்தாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. இன்றைக்கு வீட்டுக்கு வந்தபின் வைப்பதாக இருந்தார்கள்.

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி சந்துக்குள் கையை விட்டான். தோல் உரிந்தது. கீழ் போல்ட்டின் தலை விரல்நுனியில் தட்டுப்பட்டது. ஸ்பானர் உட்காரவில்லை. திரும்ப. உட்காரவில்லை. திரும்ப. உட்கார்ந்து, அரைச் சுற்று சுற்றி, நழுவிக் கையை இரும்பில் அறைந்தது. நெற்றியை வண்டியின் ஓரத்தில் முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். வாஷியில் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இது தேவையா என்று மாமி கேட்டது சரிதான். அது சரி என்பதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.

தாராவியில் வாப்பாவின் மெக்கானிக் ஷெட்டில் வளர்ந்தவன் அவன். அங்கே வேலை செய்கிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான். இஞ்சினுக்குள் தலையை விட்டபடியே ஒரு கையைப் பின்னால் நீட்டி, ஸ்பானரின் நம்பரைச் சொல்வான். கையில் வந்து விழும். வேலை முடிந்ததை அதே போலப் பின்னால் கொடுத்தால், கையை விட்டுப் போய்விடும். யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்று பார்க்கிற வழக்கமே கிடையாது. ஷெட்டை விட்டு எத்தனையோ வருடமாகியும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. சாப்பிடும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பின்னால் கையை நீட்டுவான். ஆஸியா அதில் உப்புக் கிண்ணத்தை வைப்பாள். "மெக்கானிக்குக்கு வாக்கப்பட்டாலும் சம்பளமாவது கெடைக்கும்," என்பாள்.

இப்போதும் அப்படித்தான். யோசிக்கவில்லை. இடது கையால் வால்வைத் தாங்கிக்கொண்டு வலது கையைப் பின்னால் நீட்டினான்.

"பத்து."

பத்தாம் நம்பர் ஸ்பானர் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது.

கீழ் போல்ட் கழன்றது. காலையிலிருந்து அசையாதது, வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோலக் கழன்றது. அவனுக்கு உற்சாகம் வந்தது.

"பன்னெண்டு."

வந்தது. வெளியே மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, கையை நீட்டுவதும் வாங்குவதும் திருகுவதுமாக, ஷெட்டில் இருப்பது போலவே, வேலை ஓடியது. பழைய வால்வு கரியோடு கையில் வந்தது. பின்னால் கொடுத்தான். வாங்கிக்கொள்ளப்பட்டது. புது வால்வைச் சந்தில் இறக்கினான். மேல் போல்ட் ஏறியது. கீழ் போல்ட்டுக்குக் கையை நீட்டினான். உள்ளங்கையில் வைக்கப்பட்டது அவன் முதலில் நழுவவிட்ட போல்ட். தலையில் அவன் ஸ்பானர் கீறிய கோடு இருந்தது.

"வாஹ், ராம்கிஷோர். கஹான் மிலா?" என்றான். எங்கே கிடைத்தது?

விரல்களுக்குள் போல்ட்டை உருட்டினான்.

போல்ட் சூடாக இருந்தது. இஞ்சின் காலையிலிருந்து ஓடவில்லை.

அவன் அதைத் திருகி முடித்தான். டார்ச் வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததுதான். கையை நீட்டும்போதே டார்ச் கையில் இருந்தது. கழுத்துக்குப் பின்னால் கரி வாடை. சூடான கரி. இஞ்சின் அவனுக்கு முன்னால் இருந்தது. வாடை பின்னாலிருந்து வந்தது.

"பாய்!"

கேட்டுப் பக்கத்திலிருந்து குடையோடு ராம்கிஷோர் வந்துகொண்டிருந்தான். கையில் இரண்டு டீ. கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. தண்ணீர் லாரி வந்ததாம், இவ்வளவு நேரமும் கேட்டில்தான் நின்றானாம், வேலை முடிந்ததா என்று இந்தியில் கேட்டான்.

தப்ரேஸ் அவனையே பார்த்தான். ஸ்பானர் நம்பரெல்லாம் தான் கேட்டது தமிழில். ராம்கிஷோருக்குத் தமிழில் 'வாங்க' தவிர ஒன்றும் தெரியாது.

பின்னால் தரையைப் பார்த்தான். தூசியில் அவனுடைய செருப்புத் தடம் மட்டும். பழைய வால்வு தரையில் இல்லை. வண்டிக்கு அடியிலும் இல்லை. எங்கும் இல்லை.

டீயை வாங்கித் தூணோரம் வைத்தான். காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதுதான் என்று சொல்லிக்கொண்டான். தானே எடுத்துத் தானே வைத்திருப்பான். கை பழகிய வேலை. மூளை அதைக் கவனித்திருக்காது. போன் அடித்தது. எடுக்காமலே தெரிந்தது, மாமி. சாவியைத் திருகினான். ஒரே திருகில் வண்டி எழுந்தது. மஞ்சள் விளக்கு இல்லை.

கிங்ஸ் சர்க்கிளில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து, மாட்டுங்காவில் அந்தச் சின்ன நர்சிங் ஹோமின் முகப்புக் கூரைக்கு அடியில் நுழைந்தான். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. படியில் ஆஸியா நின்றாள். கருப்புப் புர்காவில் வெள்ளைத் துணிப் பொட்டலம். அவன் கை காட்டினான்.

வண்டி இருமியது. நின்றது.

மஞ்சள் விளக்கு.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் மாமி. "வாசல் வரைக்குமாவது வந்துச்சே. நான் டாக்சி கூப்பிடுதேன்."

"ரெண்டு நிமிஷம் மாமி."

"மாப்புள, அது உங்களுக்கே நியாயமா இருக்கா?"

"ரெண்டே நிமிஷம்னு சொல்லுதேன்ல!"

மாமி பைகளை எடுக்க உள்ளே போனாள். பின்னால் ஒரு கார் ஹாரனில் கையை வைத்து எடுக்கவில்லை. தப்ரேஸ் பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். வெக்கை முகத்தில் அடித்தது. ஈரத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு சந்துக்குள் தடவினான். வால்வு தொங்கியது. கீழ் போல்ட் இல்லை. தன் கையால் முறுக்கிய போல்ட். தளர்ந்து விழுந்திருந்தால் மேல் போல்ட்டும் தளர்ந்திருக்கும். அது தளரவில்லை. யாரோ கழற்றியிருந்தார்கள்.

அப்போது ஒன்றை முடிவு செய்தான். கையை நீட்டக் கூடாது. எதையும் கேட்கக் கூடாது. பையில் மிச்சமிருந்த பழைய போல்ட் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டான். இடது கை வால்வைத் தூக்கிப் பிடித்தது. வலது கை ஓட்டையைத் தேடியது. இரண்டு மணிக்கட்டும் இரும்புக்கு நடுவில் இறுகின. வலித்தது. வலி நல்லது என்று பட்டது. கை இரண்டும் எங்கே இருக்கின்றன என்பது தெளிவாகத் தெரிந்தது.

ஹாரன். மழை. கரி வாடை.

பானெட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸியா வந்து நின்றாள். அவளுடைய செருப்பு தெரிந்தது. புர்காவின் நனைந்த ஓரம் தெரிந்தது.

"ஏங்க, பிள்ளையக் கொஞ்சம் பிடிங்க. புர்கா காலைத் தட்டுது. விழுந்துருவேன் போல."

"இரு," என்றான் போல்ட்டைக் கடித்தபடி. சத்தமாக வரவில்லை.

ஓட்டை விரலுக்குத் தட்டுப்பட்டது. விட்டது. மறுபடி தட்டுப்பட்டது.

துணி சரசரத்தது.

"தலையைப் பாத்து," என்றாள் ஆஸியா. பிறகு, "ம்."

அவன் ஓட்டையில் விரலை வைத்தபடி நின்றான். எதற்கு 'ம்'?

பானெட்டின் ஓரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பார்த்தான். ஆஸியா குனிந்து, புர்காவின் ஓரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். இரண்டு கையாலும்.

போல்ட் வாயிலிருந்து விழுந்தது. சத்தம் கேட்கவில்லை.

"பிள்ள எங்க?"

"என்ன?" அவள் நிமிர்ந்தாள். முகத்தில் பாதிச் சிரிப்பு. "இப்பத்தான வாங்கினீய."

"ஆஸியா. பிள்ள எங்க?"

"விளையாடாதீய. ரெண்டு கையையும் நீட்டி வாங்கினீயளே. பானெட்டுக்குள்ளேருந்து. கையெல்லாம் கரியா இருக்கேன்னு கூட..."

சிரிப்பு அவள் முகத்திலேயே நின்றுவிட்டது.

அவன் கைகளை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். தோல் கிழிந்தது. வரவில்லை. பின்னால் ஹாரன் நின்றுபோயிருந்தது. மழையும் கேட்கவில்லை. சந்துக்குள் எங்கோ கீழே, கண் போகாத இடத்தில், ஒரு விக்கல். மிகச் சின்னது. பால் குடித்த பின் வருகிற விக்கல்.

பிறகு அங்கே, இரும்புக்கும் கரிக்கும் நடுவில், அவனுடைய சுண்டுவிரலைச் சின்ன விரல்கள் வந்து பற்றின. அரிசி மணி அளவு நகங்கள். இறுகப் பற்றின.

மெல்ல உள்ளே இழுத்தன.