சாவு மேளத்துக்கு அடியில்

முதலில் ஜீவராஜ் அதை எதிரொலி என்றுதான் நினைத்தான். தப்பு மேளத்தின் ஒவ்வோர் அடிக்கும் பின்னால், அரை நொடி தாமதமாக, டொக் என்று ஒன்று. எதிர்மலையில் பட்டுத் திரும்பிய சத்தமாக இருக்கும். மலைநாட்டில் எந்தச் சத்தம்தான் ஒரு தரத்தோடு நின்றிருக்கிறது?

பின்னேரம் மூன்று மணி. வெளியே மழை பிடித்திருந்தது. வட்டகொடையில், மண்சரிவில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த சிறு வீடுகளில் ஒன்று அவனுடையது. முன்னறைச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, அதையே ஒலிப்பதிவு அறையாக்கியிருந்தான். கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசித்துத் திரிந்தவனுக்கு முதன்முதலாக ஒரு படம் கிடைத்திருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அவர்களுடைய லயத்தை, அந்தத் தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசை முழுவதையும், விழுங்கிய மண்சரிவைப் பற்றிய படம். வேறு யார் கையிலாவது கொடுத்தால் வயலினைப் போட்டு இழுத்து ஊரையே அழவைத்துக் காசு பார்த்துவிடுவார்கள் என்ற கோபத்தில்தான் ஒப்புக்கொண்டான்.

கடைசிக் காட்சிக்கு மட்டும் புதிதாக இசை வேண்டாம், அன்று நிஜமாகவே அடித்த சாவு மேளம் போதும் என்று இயக்குநர் சுதாகரன் சொல்லியிருந்தார். யாரோ போனில் பதிந்து வைத்திருந்த நாற்பத்தொரு நிமிடம். அதிலிருந்து மழையையும் ஒப்பாரியையும் கழித்துவிட்டுத் தப்பை மட்டும் தனியே எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுத்துவிட்டது. தப்பு ஒரு பக்கம், மிச்சம் ஒரு பக்கம். அந்த மிச்சத்தில்தான் இந்த டொக். தப்பின் எதிரொலி என்றால் அது தப்போடு போயிருக்க வேண்டும்.

அன்றைக்கு அடித்தது அவனுடைய அம்மாவுக்கு. இரண்டாம் நாள் காலையில் அம்மாவின் உடம்பு மட்டும் கிடைத்தது. நுவரெலியாவில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்தவன் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். மண் அள்ளிக்கொண்டிருந்த ராணுவ அதிகாரி கையை உயர்த்தி, யாரும் சத்தம் போடாதீர்கள், உள்ளே உயிரோடு யாராவது இருந்தால் எங்களுக்குக் கேட்க வேண்டும் என்று சிங்களத்தில் கெஞ்சினார். ஜீவராஜ் கேட்கவில்லை. தோட்டத்தில் எவ்வளவு இல்லாதவர்களும் மேளச் சத்தத்தோடுதான் போயிருக்கிறார்கள். "தப்பு அடிக்காம எங்கம்மாவ அனுப்ப மாட்டேன்" என்று அவன்தான் கத்தினான். லயத்துச் சனம் முழுக்க அவன் பக்கம் நின்றது. உடைந்த கூரைமரத்தைக் கொளுத்தி, அதில் தப்பைக் காய்ச்சி, தோட்டத்துத் தப்புக்காரர் சின்னத்தம்பி அடிக்கத் தொடங்கினார்.

மனைவி ஜீவராணியும் நாலு வயது மகள் தனுஷிகாவும் கடைசிவரை கிடைக்கவில்லை. "ஒரு நொடியில போயிருப்பாங்க தம்பி. ஒன்னும் தெரிஞ்சிருக்காது" என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒன்பது வருடமும் சோறு இறங்கியது, கொஞ்சம் தூக்கமும் வந்தது.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி ஓடவிட்டான். மழை தகரத்தில் விழும் சத்தம், யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம், சேற்றில் பூட்ஸ் கால்கள் புதைந்து எழும் சத்தம், இவை எல்லாவற்றுக்கும் வெகு கீழே, தண்ணீர்க் குழாயைக் கல்லால் தட்டுவது போல அது வந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டாம் நிமிடத்தில் சின்னத்தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு அடியை மாற்றினார். அது மாறவில்லை. பழைய அடியையே நாலு தரம் தட்டியது. பிறகு தடுமாறியது. பிறகு நின்று கேட்டு, புது அடியைப் பிடித்துக்கொண்டது.

எதிரொலி தடுமாறாது.

சுதாகரனுக்குப் போன் எடுத்தான்.

"தம்பி, இந்த ரெக்கோடிங் எங்க நின்னு எடுத்தது?"

"மண்ணுக்குள்ள போன ஒங்க வீட்டுக் காம்பராவுக்கு நேர் மேலண்ணே. அங்கதான அம்மாவ வச்சிருந்தீங்க. ஏன்ணே, சத்தம் சரியில்லயா?"

"இல்ல... சரியாத்தான் இருக்கு."

"அப்ப அஞ்சு மணிக்குள்ள அனுப்பிருங்கண்ணே."

போனை வைத்தான். மழையைக் குறைத்தான். ஒப்பாரியைக் குறைத்தான். அந்த ஒப்பாரியில் உரக்கக் கேட்டது அவனுடைய குரல்தான். அதையும் குறைத்தான்.

இரண்டு சத்தங்கள் இருந்தன. குழாயில் கல் ஒன்று. அதன் பக்கத்தில், மெல்லியதாக இன்னொன்று. எவர்சில்வர் கோப்பை. பசித்தால் தனுஷிகா கோப்பையைத் தரையில் தட்டுவாள்.

இருவரும் மேளத்தைக் கேட்டிருக்கிறார்கள். மேலே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து, அடிக்கு அடி பதில் சொல்லியிருக்கிறார்கள். அவன் அவர்களுடைய தலைக்கு மேல் நின்று இன்னும் பலமாக அடிக்கச் சொல்லியிருக்கிறான்.

"ராணி" என்றான்.

முப்பத்து மூன்றாம் நிமிடத்தில் கல் நின்றது. கோப்பை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்றில் மேளம் நின்றது. ஒலிப்பதிவு முடிந்தது. திரையில் கோடு நேராகிவிட்டது.

டொக்.

ஹெட்போனைக் கழற்றினான்.

டொக்.

வயரைப் பிடுங்கினான். வெளியே மழை விட்டிருந்தது. அறைக்குள் எங்கிருந்தோ பச்சை மண் வாசம். தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்கிற வாசம். தோண்டிய இடத்தில் அவனைச் சுற்றி நாலு நாள் இருந்த அதே வாசம்.

டொக். டொக்.

மேசைக்கு அடியில். இல்லை. தரைக்கு அடியில்.

மண்டியிட்டான். காதை வைத்தான். சீமெந்து ஐஸாகக் குளிர்ந்தது. விரல் முட்டியால் மெதுவாக மூன்று தரம் தட்டினான்.

சத்தம் நின்றது.

வெகுநேரம் ஒன்றுமில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற மாதிரி இருந்தது.

பிறகு தட்டல் வந்தது. வேகமாக. தாளமில்லாமல். விழுந்தடித்துக்கொண்டு.

பின்கட்டுக்கு ஓடி இரும்பு அலவாங்கை எடுத்து வந்தான். ஓங்கிக் குத்தினான். சீமெந்து பிளந்தது. கீழே சிவந்த ஈர மண். அலவாங்கு பட்டுவிடும் என்று பயந்து அதை எறிந்துவிட்டுக் கையால் தோண்டினான்.

"வந்துட்டேன் பாப்பா. அப்பா வந்துட்டேன். இந்தா, வந்துட்டேன்."

முழங்கை ஆழத்தில் ஒரு சிறு கை அவனுடைய விரலைப் பற்றியது. அந்த விரல்களில் நகங்கள் இல்லை. தேய்ந்து சதையாக இருந்தன. கை சூடாக இருந்தது.

இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். பிடி மட்டும் இறுகியது.

அவனுடைய விரலை விடாமல் பிடித்துக்கொண்டே, மற்றக் கையால் அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.