பெட்டி சொன்ன தேதி

"அதை எங்க இருந்து எடுத்தீங்க?"

மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில், முன்பின் தெரியாத ஒருவனிடம் ஒரு பெண் முதன்முதலாகக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவள் கேட்டுவிட்டாள். கேட்காமல் எப்படி இருப்பாள்... எதிரே இருந்த அலுவலகத்தின் பக்கவாசல் வழியாக அவன் ஓடி வந்ததைப் பார்த்தாளே! போட்டுக்கொள்ள வேண்டிய மழைக்கோட்டைக் கழற்றி, எதையோ சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, தான் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்தபடி... எந்த நல்லவன் இப்படி ஓடி வருவான்?

"என்னையா கேக்குறீங்க?"

"இங்க வேற யாரு இருக்கா?"

அவன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தான். பஸ் நிறுத்தத்தில் அவர்கள் இருவரையும் தவிர மழைதான் இருந்தது. நெற்றியில் ஒட்டிய முடியைத் தோளால் துடைத்துக்கொண்டு சிரித்தான். அந்தக் கண்கள்... இமையில் மழைத்துளி நிற்க, சிரிப்பை மறைக்கத் தெரியாத கண்கள். திருடனுக்கு எதற்கு இவ்வளவு அழகான கண்கள் என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"திருடலங்க. காப்பாத்திட்டு வரேன்."

"யாரை?"

கோட்டின் ஓரத்தை விலக்கிக் காட்டினான். பழைய கம்ப்யூட்டர் பெட்டி. முகப்பெல்லாம் மஞ்சளேறி, ஒரு மூலை உடைந்து...

இதை நம்பச் சொல்கிறானா? அவள் விறுவிறுவென்று தெருவைக் கடந்து போய், அலுவலகக் காவலாளியைக் குடையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவரோ பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, குப்பையில போட வச்சிருந்ததும்மா இது. வந்து தூக்கிட்டுப் போங்கன்னு நான்தான் இவருக்கு போன் பண்ணேன்."

மூக்கு உடைபட்டது. காவலாளி போன பிறகு, வராத பஸ்ஸை அவள் ரொம்ப அக்கறையாகத் தேடினாள்.

"விடுங்க," என்றான் அவன். "தெருவுக்கு ஒருத்தர் உங்களை மாதிரி இருந்தா திருட்டே நடக்காது."

"கிண்டலா?"

"ஐயோ, பாராட்டுங்க!"

பஸ் வந்தது. ஏறினாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஏறியவள், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டாள். அவன் தலையைத் துவட்டாமல் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் அவளுக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர். அண்ணன் வைத்தது. பாலை மோந்து பார்க்காமல் காய்ச்சமாட்டாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள், படி இறங்கிய பிறகு மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பாள். முன்பெல்லாம் இப்படி இல்லை. நிச்சயம் வரைக்கும் வந்த ஒருவன், அவளுக்கு அனுப்பிய ஒவ்வொரு வரியையும் அதற்கு முன்பே இன்னொருத்திக்கு அனுப்பியிருந்தான்... ஓர் எழுத்துகூட மாற்றாமல். அந்த இன்னொருத்தியே வந்து போனைக் காட்டினாள். நிச்சயத்தை நிறுத்தியது அண்ணன். அழுகையை நிறுத்தியது அண்ணி. சந்தேகத்தை நிறுத்தத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

மூவரும் சேர்ந்து நடத்துவது ஜன்னல் திரைத் துணிக் கடை. அதில் ஓயாத ஒரு தலைவலி உண்டு. ஆசைப்பட்டுத் துணி எடுத்து, அளவு கொடுத்து, தைத்து வாங்கிக்கொண்டு போய் மாட்டிப் பார்த்த பிறகு, "சுவருக்கு எடுப்பா இல்லையே" என்று திரும்பக் கொண்டுவருவார்கள். சண்டை போட்டே அண்ணிக்குத் தொண்டை கட்டிப்போகும்.

"பெட்டிக்காரர்னு ஒருத்தர் இருக்காராம்," என்று ஒரு நாள் அண்ணி ஆரம்பித்தாள். "தூக்கிப் போட்ட கம்ப்யூட்டரை எடுத்து ஆளுக்கொரு வேலைக்குச் சரி பண்ணிக் குடுக்கிறாராம். செருப்புத் தைக்கிறவர் கடையில நாள் பூரா பாட்டு பாடுது, அது அவர் குடுத்ததுதான். குழந்தைங்க காப்பகத்துல படம் வரையறதுக்கு ஒண்ணு. நமக்கும் ஏதாவது பண்ணுவாரான்னு வரச் சொல்லியிருக்கேன்."

"குப்பையில கிடந்தது கடைக்கா? அதுக்குள்ள யாரோட என்ன இருக்கோ!"

"வந்ததும் நீயே விசாரிச்சுக்கோ, இன்ஸ்பெக்டர்."

வந்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா? கையில் அதே உடைந்த மூலைப் பெட்டி.

"நீங்களா!" என்றார்கள் இருவரும்.

அவன் வேலையை ஆரம்பித்தான். வாடிக்கையாளர் தன் வீட்டு ஜன்னலைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வரவேண்டும். அதைப் பெட்டியில் ஏற்றி, கடைத் துணிகளின் படங்களை ஒவ்வொன்றாக அந்த ஜன்னல்மேல் வைத்துக் காட்டலாம். தைப்பதற்கு முன்பே மாட்டிப் பார்த்த மாதிரி. கம்ப்யூட்டர் திரை முழுக்க ஜன்னலும் துணியும் மட்டும்தான், மூலையில் கடிகாரம்கூடத் தெரியாது. அவள் எதிரே நாற்காலியைப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஓட்டைப் பெட்டி ஓடுமா?"

"நூறு வேலை சொன்னா படுத்துக்கும். ஒரே வேலை சொல்லிப் பாருங்க... உயிரைக் குடுத்துச் செய்யும்."

"உங்களை மாதிரியா?"

"எனக்கு எங்க நீங்க வேலை சொன்னீங்க?"

"இன்ஸ்பெக்டரையே மடக்கிட்டாரே!" என்று தையல் மெஷின் பக்கமிருந்து அண்ணி சிரித்தாள். அவள் முறைத்தாள்.

"இன்னொண்ணு," என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "காலைல போட்டதும் பீப்னு கத்தும். இங்கிலீஷ்ல ரெண்டு வரி காட்டும். கண்டுக்காதீங்க. கீபோர்டுல மேல இருக்கு பாருங்க எஃப் ஒன், அதை அழுத்துங்க, போயிடும்."

"என்ன வரி?"

"வயசானா முணுமுணுப்பாங்க இல்ல... அது மாதிரி."

சொல்லும்போது அவன் கை சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டது. அவள் கவனித்தாள். அதில் என்ன?

பெட்டி நன்றாகவே ஓடியது. துணி திரும்பி வருவது நின்றது. அண்ணன் ராத்திரி கடையைப் பூட்டும்போது வழக்கம்போல ஸ்விட்ச் போர்டையே மொத்தமாக அணைத்துவிட்டுப் போவான். காலையில் அவள் போடுவாள். பீப். எஃப் ஒன். அவ்வளவுதான்.

ஆனால் பெட்டிக்காரன்? பெட்டி நன்றாக ஓடினாலும் அவன் வந்தான். ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க வந்தான். தூசி தட்ட வந்தான். ஒயர் சூடாகிறதா என்று பார்க்க வந்தான். இவ்வளவு அக்கறை எதற்கு? உள்ளே எதையாவது ஒளித்து வைத்திருக்கிறானா?

"பெட்டியைப் பாக்க வர்ற ஆளு உன்னைப் பாக்குற அளவுக்குப் பெட்டியைப் பாக்கலையே," என்றாள் அண்ணி.

"சும்மா இருங்க அண்ணி! எனக்கு அவர் மேல சந்தேகம்."

"அதான் வாசல் தெரியற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கியா?"

அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு துணிப் பக்கம் திரும்பினாள். அவன் வராத நாளில் டீ ஆறிப்போவதும், வந்த நாளில் துணியைத் தப்பாக வெட்டுவதும் சந்தேகத்தால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு அந்தக் காலை வந்தது. முந்தின நாள் சாயங்காலம், தூசி தட்ட வந்தவன் பெட்டி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். துணிப் படங்களுக்கு நடுவே புதிதாக ஒரு படம்... கோடுகளால் வரைந்த ஜன்னல். பாதி விலகிய திரை. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள். கீழே ஒரே வரி: 'இந்த ஜன்னல் எனக்குத் திறக்குமா?'

கன்னம் இரண்டும் சூடாயின. கடையில் யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். இன்னொரு முறை. தான் சிரித்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தபோதுதான் உள்ளே இருந்த இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டாள். இரண்டு கண்கள்... யாருடைய கண்களாகவும் இருக்கலாமே? மோந்து பார்க்காமல் பால் குடித்துப் பழக்கமில்லையே! படத்தின் விவரத்தைத் திறந்தாள். எப்போது செய்தது?

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று.

தூக்கிவாரிப் போட்டது. மறுபடி அதேதானா... யாருக்கோ எழுதியதை எடுத்துத் தூசி தட்டி எனக்கு?

மத்தியானம் அவன் வந்தான், முகமெல்லாம் ஆவலாக.

"அந்தப் படம் யாருக்கு வரைஞ்சது?"

"...உங்களுக்குத்தான்."

"தேதி வேற மாதிரி சொல்லுதே."

குனிந்து பார்த்தான். முகம் மாறியது. ஏதோ சொல்ல வாய் திறந்தான். கை சட்டைப் பைக்குப் போனது... பாதியில் நின்றது. வாயும் மூடிக்கொண்டது.

"ஜனவரி ஒண்ணாம் தேதி வேற. வருஷம் பொறந்ததுக்கு யாருக்கு வாழ்த்து?" அவள் படத்தை மூடினாள். "எனக்குப் பழைய பெட்டி போதுங்க. பழைய வார்த்தை வேண்டாம்."

"உங்களுக்காகத்தான் வரைஞ்சேன்னு சொல்றேன். அதை நம்பறதுக்கு..." வாசல் பக்கம் திரும்பினான். "சரிங்க. இனிமே வரல."

பின்கட்டிலிருந்து வந்த அண்ணன், "என்னாச்சு, அவர் ஏன் இப்படிப் போறாரு?" என்றான்.

"ஒண்ணும் இல்லண்ணா. பெட்டி சரியாயிடுச்சு."

அவன் சொன்னபடியே வரவில்லை. ஃபேன் கரகரத்தது, யாரும் கேட்கவில்லை. தூசி படிந்தது, அவளே தட்டினாள். தட்டும்போது அழுகை வந்தது. ஏமாற்றியவனுக்காக அழுகிறோமே என்று இன்னும் கொஞ்சம் அழுதாள். பிடித்துப்போயிருந்ததே... அதுதான் உண்மை.

ஒரு நாள், தோளில் கைக்குழந்தையோடு ஒரு தாய் வந்தாள். போனில் அவள் வீட்டு ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே தொட்டில், தொட்டிலுக்கு வெளியே நீட்டிய குட்டிக் கால். மஞ்சள் துணியை வைத்துக் காட்டியதும் அவளுக்குப் பிடித்துவிட்டது.

"அப்படியே என் போனுக்கு அனுப்புங்களேன், இவங்கப்பாகிட்ட காட்டணும்."

இவள் பெட்டியில் சேமித்த படத்தைத் தேடினாள். இதோ. பக்கத்தில் தேதி...

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று.

"குழந்தைக்கு என்ன வயசுங்க?"

"மூணு மாசம். ஏங்க, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள். நேற்றுச் செய்த படம், போன வாரப் படம், எல்லாமே அதே ஜனவரி ஒன்று! அந்தத் தாய் போனதும், பெட்டியை முறையாக நிறுத்திவிட்டு, அண்ணன் செய்கிற மாதிரியே ஸ்விட்ச் போர்டை அணைத்து, மறுபடி போட்டாள். பீப். இந்தத் தடவை எஃப் ஒன்னைத் தொடவில்லை. அண்ணியைக் கூப்பிட்டு, அந்த இரண்டு வரியையும் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டதாம். தேதியும் நேரமும் தப்பாக இருக்கிறதாம். ராத்திரி ஸ்விட்சை அணைத்ததும் பெட்டி தேதியை மறந்துவிட்டு, தினமும் காலையில் அதே பழைய ஜனவரி ஒன்றில்தான் கண் விழித்திருக்கிறது.

தினமும் காலையில் பெட்டி உண்மையைச் சொல்லியிருக்கிறது. தினமும் அவள் அதன் வாயை அடைத்திருக்கிறாள்.

"ஊரையெல்லாம் சந்தேகப்பட்டே... தேதியைச் சந்தேகப்படத் தோணலையே உனக்கு!" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் குடையைக் கையில் எடுத்தாள். வெளியே நல்ல மழை.

"எங்க போறா?" என்றான் அண்ணன்.

"விசாரணைக்கு," என்றாள் அண்ணி.

சலவைக் கடைக்குப் பின்னால் அவன் அறை என்று அண்ணி சொல்லியிருந்தாள். வழியெல்லாம் ஒரே கேள்விதான் அவளைக் குடைந்தது. பேட்டரி தீர்ந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே... ஏன் சொல்லவில்லை? அவன் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துத் தூசி ஊதிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஊதுவதை மறந்தான்.

"பேட்டரி தீர்ந்து போச்சு. தேதி தப்பு. படிச்சுட்டேன்."

"...ம்."

"நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க."

"அட, அதெல்லாம் பரவால்லங்க, விடுங்க," என்றான். கொஞ்சம் அவசரமாகவே சொன்னான். அவள் கண்கள் சுருங்கின.

"விடமாட்டேன். அன்னைக்கு ஏன் சொல்லல?"

கை சட்டைப் பைக்குப் போனது.

"அந்தப் பையில என்ன?"

"எந்தப் பை?"

"முதல் நாள்லேர்ந்து தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்களே, அந்தப் பை."

மெதுவாக வெளியே எடுத்தான். உள்ளங்கையில் நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி, உறைகூடப் பிரிக்காமல்.

"இதை எப்ப வாங்கினீங்க?"

"உங்க கடைக்கு முதல்ல வந்தேனே... அன்னைக்கு, வர்ற வழியில."

"அப்ப ஏன் போடல?"

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அசடு வழியச் சிரித்தான்.

"போட்டுட்டா பெட்டி சரியாயிடும். சரியாயிட்டா... நான் எதுக்கு வரது?" தலையைக் குனிந்துகொண்டான். "அன்னைக்கு இதைக் காட்டியிருந்தா படம் நிஜம்னு நம்பியிருப்பீங்க. ஆனா ஃபேன், தூசி, ஒயர்னு வந்ததெல்லாம் பொய்னு தெரிஞ்சுபோயிருக்கும். எப்படிப் பாத்தாலும் மாட்டிக்கிட்டேன்."

"அப்போ..." அவள் முகம் மலர்ந்தது. "நான் சந்தேகப்பட்டது சரிதான்!"

"சரிதான் இன்ஸ்பெக்டர். கைது பண்ணிக்கோங்க." நிமிர்ந்தான். சிரிப்பை மறைக்கத் தெரியாத அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை. "பஸ் நிறுத்தத்துல காவலாளியைக் கூட்டிட்டு வரப் போனீங்களே... அப்பவே பிடிச்சுப்போச்சுங்க. என்னை யாரும் அவ்வளவு உத்துப் பாத்ததே இல்ல."

பேட்டரியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இதைப் போட வேண்டாம். காலைல தேதியை நானே அதுக்குச் சொல்லிக்கிறேன். சரியா சொன்னேனான்னு நீங்க வந்து பாருங்க."

"தினமுமா?"

"தினமும்." மூச்சை இழுத்துவிட்டாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

"நிஜமாவா?"

"ஆதாரமெல்லாம் கேக்கக் கூடாது," என்றாள் இன்ஸ்பெக்டர்.