விட்டுப்போன உறை

செருப்புத் தைப்பவர் பசை டப்பாவை மூடிவிட்டு, "அது காலையிலயே போயிடுச்சே சார்" என்றார்.

"எது?"

"பாப்பாவோட ஷூ. நீங்கதானே வாங்கிட்டுப் போனீங்க."

லிப்ட் மெக்கானிக் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். மகளின் ஷூ, இஸ்திரிப் பெட்டி, மனைவியின் கண்ணாடி. அவன் வீட்டை விட்டுக் கிளம்பி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. காலை முழுக்கக் கட்டிலில் மல்லாந்து கிடந்தவனை, "தடவித் தடவி அது கரைஞ்சிடப் போகுதா? போய் இதையெல்லாம் வாங்கிட்டு, மூணு மணிக்கு அப்படியே லேபுக்குப் போயிட்டு வாங்க" என்று மனைவிதான் விரட்டியிருந்தாள். வலது காதுக்குக் கீழே, ஊசி குத்திச் சதை எடுத்த இடத்தில் பிளாஸ்திரி இருந்தது. அதற்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. பத்து நாளாக இன்று, நாளை என்று இழுத்தடித்து, கடைசியில் இன்று முடிவு தருவதாக லேபில் சொல்லியிருந்தார்கள்.

"வேற யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டு என் தலையில கட்டாதீங்க."

"உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா? லிப்ட்ல மாட்டிக்கிட்ட அன்னிக்கு என்னை வெளிய இழுத்துப் போட்டதே நீங்கதானே."

கிழவருக்கு வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று முணுமுணுத்தபடி நடந்தான். லேபுக்குப் போன் போட்டால், அவன் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பதிவு சொன்னது. மூன்று முறை சொல்லிவிட்டுத் துண்டித்தது.

பழுது பார்க்கும் கடையில் ஈயம் உருகும் புகையும், சூடான தூசியும், எங்கோ கருகிய ரப்பரும் கலந்த வாசனை தொண்டையில் ஒட்டிக்கொண்டது. கூரை வரை அடுக்கிய செத்த மின்விசிறிகளுக்கும் கழற்றிப் போட்ட மோட்டார்களுக்கும் பின்னால், எந்த நிலையத்திலும் நிற்காத ஒரு ரேடியோ மூச்சிரைப்பது போல இரைந்துகொண்டிருந்தது. கடைக்காரர் அவனைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன சார், அதுக்குள்ள மறுபடி புகையுதா?"

"இஸ்திரிப் பெட்டியை இன்னும் நான் வாங்கவே இல்ல."

"ஒரு மணி நேரம் முன்னாடி வாங்கினீங்க. நோட்டுல கையெழுத்து இருக்கு."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். அவன் கையெழுத்துதான். வாத்தியார் அடித்தும் திருந்தாத கொக்கியோடு, கடைசி எழுத்து கீழே இழுபட்டிருந்தது. மை கொஞ்சம் பரவியிருந்தது.

"எவனோ போட்டிருக்கான்."

"உங்களை மாதிரியே நின்னு, உங்களை மாதிரியே என்கிட்ட எரிஞ்சு விழுந்துட்டா போட்டான்?" என்றார் கடைக்காரர். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?"

அந்தக் கேள்விதான் அவனுக்கு ஆத்திரத்தை மூட்டியது. பத்து நாளாக ஆளாளுக்கு அதையே கேட்கிறார்கள். பதில் மட்டும் ஒருவனிடமும் இல்லை. வெளியே வந்தான். வெயில் உச்சியில் அடித்தது. 

கண்ணாடிக் கடையில் குளிர்சாதனம் உறுமியது. சுற்றிலும் கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் அவன் முகம் வேறு வேறு கோணத்தில் நின்றது. மேசைக்கு முன்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

இருக்கை சூடாக இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கமிருந்த பெண் நிமிர்ந்தாள். "எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா சார்?"

"எப்ப போனேன்?"

"இப்பதான். அக்காவோட கண்ணாடியை வாங்கிக்கிட்டு..." அவள் பார்வை கழுத்தில் நின்றது. "அதுக்குள்ள என்ன அடி? அப்ப பிளாஸ்திரி இல்லையே. கழுத்து நல்லாத்தானே இருந்துச்சு."

சீட்டில் இருந்தது மூன்று வேலை. மூன்றும் முடிந்தாயிற்று.

லேப் மட்டும் பாக்கி.

ஓடினான். சிவப்பு விளக்கில் நிற்கவில்லை. யாரோ வண்டியிலிருந்து திட்டினார்கள். கட்டி நாடியோடு சேர்ந்து துடித்தது. மாடிப்படி. ஸ்பிரிட் வாடை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐந்து.

கவுன்டரில் இருந்த அம்மாள் அவன் நீட்டிய ரசீதைத் தொடவே இல்லை.

"அதான் குடுத்தாச்சே."

"என்ன குடுத்தீங்க?"

"எத்தனை தடவை சொல்றது? ரெண்டு டாக்டர் தனித்தனியா பாப்பாங்க. ரெண்டு பேரும் ஒண்ணே சொன்னா ஒரே கவர். மாத்திச் சொன்னா ரெண்டு கவர். உங்களுக்கு மாறிடுச்சு. இங்கயே நின்னு ரெண்டையும் பிரிச்சுப் படிச்சீங்க."

"அப்புறம்?"

"ஒண்ணை எடுத்துக்கிட்டீங்க. இன்னொண்ணை அப்புறம் வந்து வாங்கிக்கறேன்னு வெச்சுட்டுப் போனீங்க. பத்திரமா இருக்கட்டும்னு வேற சொன்னீங்க."

கிழிந்த உறை ஒன்றை அவன் பக்கம் தள்ளினாள்.

பிரித்தான். அவன் பெயர். அவன் வயது. கீழே ஒரே வரி. பத்து நாளாக வீட்டில் யாரும் வாயால் சொல்லாத அந்தச் சொல்.

மனைவிக்குப் போன் போட்டான். ஒரே மணியில் எடுத்தாள்.

"நான் பேசறேன்" என்றான். "கேளு. வீட்டுக் கதவைச் சாத்து."

"அழலைங்க" என்றாள் அவள். குரல் சந்தோஷத்தில் உடைந்திருந்தது. "இல்ல, நிஜமா அழல."

"யாரு வந்தாலும் திறக்காத."

"ஆமா, பாப்பாகிட்ட சொல்லிட்டேன். வாசல்லயே நிக்கிறா."

"நான் சொல்றது கேக்குதா உனக்கு?"

"ஒண்ணுமே இல்லைன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

அவன் வாய் திறந்தபடி நின்றது. 

"ம்" என்றாள் அவள், கேட்டுவிட்டவளைப் போல. "இது போதும். வாங்க."

ஜன்னலுக்குக் கீழே, சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்தில் ஒருவன் காதில் போனோடு நின்றிருந்தான். காலடியில் இஸ்திரிப் பெட்டி. அவன் உதடுகள் அசைந்தன. அசைந்து முடிந்ததும், இங்கே காதில் அவள் சிரித்தாள். அவன் மறு கையால் கழுத்தின் வலது பக்கத்தை, காதுக்குக் கீழே, அங்கே எதுவுமே இல்லாத இடத்தை, மெதுவாக ஒருமுறை தடவிக்கொண்டான். பிறகு அதே கையை நீட்டிப் பஸ்ஸை நிறுத்தினான்.